நெஞ்செரிவுக்கு வந்த குளிசை

அத்தியாயம் 12

துசாந்தன் கிளினிக் மருந்து உறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துத் தட்டத்தில் கவிழ்த்தான். குளிசைகள் சடசடவென்று விழுந்தன. இரண்டு மூன்று தட்டத்தைத் தாண்டி மேசைக்குக் கீழே உருண்டோடின.

"இஞ்ச வா றஜி. உன்ட கண்ணாலயே பாரு."

குசினியில் நின்ற றஜிதா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டம் நிறைய வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குளிசைகள்.

"நூற்றி நாற்பத்தேழு. ரெண்டு தரம் எண்ணிப் போட்டன். அப்பா நாள் தவறாமக் குளிசை குடிச்சிருந்தா இவ்வளவும் எப்பிடி மிஞ்சும்? சொல்லு."

அவள் குனிந்து மேசைக்குக் கீழே உருண்டவற்றைப் பொறுக்கித் தட்டத்தில் போட்டாள்.

ஒன்பது மாதத்துக்கு முன், வெல்லாவெளி நெல் வட்டையில் அறுவடை மெசின் இறங்கிய அன்றுதான் அப்பா ஏரம்பமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் சரிந்தார். இதயக் குழாய்க்குள் சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்து டொக்டர்மார் அவரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வலையில் இரத்தம் கட்டி பிடிக்காமல் இருக்க இரண்டு குளிசை. ஒரு நாளும் தவறக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

றஜிதா படிப்பிக்கும் பள்ளிக்கூடம் தூரம். காலை ஆறரைக்கே பஸ் பிடிக்க வேண்டும். அதனால் காலைக் குளிசை கொடுக்கிற பொறுப்பு அவளுடைய புருசன் ரதீஸின் கைக்குப் போனது. இரவுக் குளிசை அம்மா சீனிப்பிள்ளையின் வேலை.

இந்த மாதம் பதினைந்தாம் திகதி, அதே வலைக்குள் இரத்தம் கட்டி பிடித்து அப்பா இரண்டாம் முறை விழுந்தார். செய்தி கேட்டுக் கனடாவிலிருந்து ஓடி வந்த அண்ணன் துசாந்தனிடம், ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "குளிசை ஒழுங்கா எடுத்தவரா? வீட்டில ஆர் குடுக்கிறது?"

அந்தக் கேள்வி மூன்று நாளாகத் தேற்றாத்தீவு வீட்டுக்குள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில்கூட வந்து உட்கார்ந்திருந்தது.

வெளியே படலை திறக்கும் சத்தம் கேட்டது. வாவியிலிருந்து ரதீஸ் வந்துகொண்டிருந்தான். தோளில் ஈர வலை, கையில் இறால் வாளி. கார்த்திகை மழை அவனை உச்சியிலிருந்து நனைத்திருந்தது.

துசாந்தன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், அங்கயே நில்லு. உள்ள வாறதுக்கு முதல் ஒண்டு கேக்கணும்."

ரதீஸ் முற்றத்திலேயே நின்றான். "என்ன?"

"அப்பாக்கு நீ குளிசை குடுத்தியா இல்லியா?"

"குடுத்தன்."

"அப்ப இது என்ன?"

துசாந்தன் தட்டத்தைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். ரதீஸ் குனிந்து பார்த்தான்.

"எல்லாத்தையும் கலந்து வைச்சிருக்கிறீங்க. எது எந்தக் குளிசை எண்டு இனி எப்பிடித் தெரியும்?"

"கதைய மாத்தாத. மூண்டு மாசமா அப்பாட முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பறையாதவன் நீ. அவர் உன்ன வட்டைக்குள்ள இறங்கச் சொன்னார். உனக்கு வலையும் தோணியும்தான் பெரிசு. அந்தக் கோவத்த இதுல காட்டிப் போட்டாய்."

"பறையல்ல, உண்மைதான். ஆனா காலையில ரெண்டு குளிசையும் தண்ணியும் மேசையில வைச்சு, அவர் விழுங்கிற வரைக்கும் பக்கத்துல நிண்டிருக்கன். ஒரு நாளும் தவறல்ல. இரவுக்குக் குடுத்தது மாமி."

"ஓ! இப்ப அம்மாட தலையில கட்டுறியா?"

பக்கத்து வேலிக்கு மேலே இரண்டு தலை எழும்பியது. றஜிதாவுக்கு முகம் சுட்டது. இந்த வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது. ஊர் வழக்கப்படி கதிரவெளியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை ரதீஸ். அவனை அவனுடைய முற்றத்திலேயே நிறுத்தி வைத்து அண்ணன் விசாரிக்கிறான். இது பிழை என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தட்டமும் அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

மாமனுக்கும் மருமகனுக்கும் என்ன கோபம் என்று அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அப்பா, "ஒண்டுமில்ல" என்பார். ரதீஸ் எழும்பிப் போய்விடுவான். வட்டைக் கதைதான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். கோபம் இருக்கிற ஆள் ஒரு நாள் விட்டிருக்கலாம். இரண்டு நாள் விட்டிருக்கலாம்.

அவள் வாசலுக்கு வந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. ஒரு நாளாவது விட்டீங்களா?"

அதுவரை துசாந்தனோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் தோள் இறங்கியது.

"நீயும் கேக்கிறாய், என்ன?"

"கேட்டா என்ன? அங்க கிடக்கிறது என்ட அப்பா!"

ரதீஸ் வாளியைக் கீழே வைத்தான். வலையை வேலியில் போட்டான். அண்ணனின் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போய், உலர்ந்த சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் திறப்போடு வெளியே வந்தான்.

"எங்க போறீங்க?"

"என்ட ஊருக்கு."

"பிழை செய்யாட்டி ஏன்டா ஓடுறாய்?" என்று துசாந்தன் பின்னால் கத்தினான்.

மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டிப் பெரிய றோட்டில் ஏறியது. றஜிதா மறிக்கவில்லை. வாளிக்குள் இறால்கள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

* * *

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்குத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். கேற் திறந்ததும் துசாந்தன் முன்னால் நடந்தான். தட்டத்திலிருந்த குளிசைகள் அத்தனையும் ஒரு பொலித்தீன் பைக்குள் அவன் கையில் இருந்தன. தங்கச்சி பின்னால் வருகிறாளா என்றுகூட அவன் பார்க்கவில்லை.

இதய வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். நெஞ்சில் வயர்கள். வட்டையில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற மனிதர், தலையணையில் கழுத்தைத் திருப்பவே மூச்சு வாங்கினார். துணைக்கு நிற்கிற அம்மா, கட்டிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரதீஸ் வரல்லயா மனே?" என்று அம்மா கேட்டாள்.

"அவன்ட பேர் இனி எடுக்க வேணாம்," என்றான் துசாந்தன்.

வார்டைச் சுற்றி வந்த டொக்டர் ஸாலிஹா அவர்களுடைய கட்டிலுக்கு வந்தார். இளவயது. காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் இருந்தது. அவர் வாய் திறக்க முதல் துசாந்தன் பையை நீட்டினான்.

"டொக்டர், இதப் பாருங்க. என்ட மச்சான் அப்பாக்குக் குளிசை குடுக்கல்ல. நூற்றி நாற்பத்தேழு மிச்சம். அதாலதான் இது வந்தது. இத நீங்க எழுத்துல எழுதித் தரணும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்து மறித்தது.

டொக்டர் மருந்துத் தள்ளுவண்டியை இழுத்து, ஒரு தட்டில் குளிசைகளைக் கொட்டி, விரலால் நாலு கும்பலாகப் பிரித்தார். "கிளினிக் கொப்பி இருக்கா?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இந்த இளஞ்சிவப்பு, குளோபிடோகிரல். கட்டி பிடிக்காம இருக்கிறதுக்கு. நாலாம் திகதி இருபத்தெட்டு குடுத்திருக்கு. பதினைஞ்சாம் திகதி காலை வரைக்கும் பதினொண்டு போகணும். மிச்சம் பதினேழு." அவர் எண்ணினார். "பதினேழு இருக்கு. அஸ்பிரினும் பதினேழு. கொழுப்புக் குளிசையும் பதினேழு. இதுகள் எல்லாம் சரியாக் குடுத்திருக்கு."

"அப்ப மற்றது?"

"மற்றது தொண்ணூற்றாறும் ஒரே குளிசை. பமோட்டிடின். வயித்துல அமிலம் சுரக்கிறதக் குறைக்கிறதுக்கு இரவுல போடச் சொல்லி நாங்க குடுத்தது." டொக்டர் நிமிர்ந்தார். "கிட்டத்தட்ட மூண்டு மாசமா இத இவர் தொடவே இல்ல. அப்ப நெஞ்செரிவுக்கு என்ன எடுத்தவர்?"

றஜிதா அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நேரம் வார்டு முழுக்கக் கேட்கப் பேசியவன். அம்மாவைப் பார்த்தாள். அம்மா மடியிலிருந்த கூடையைக் கீழே இறக்கி, காலால் மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

றஜிதா குனிந்து கூடையை இழுத்தாள்.

"விடு மனே... விடு எண்டு சொல்லுறன்!"

"கைய எடுங்கம்மா!"

இருவரும் இழுத்ததில் கூடை சரிந்தது. சீப்பு, துவாய், வெற்றிலைப் பை. அவற்றோடு இங்கிலீசு எழுத்துப் போட்ட வெள்ளைப் போத்தல் ஒன்று உருண்டு டொக்டரின் காலடியில் நின்றது.

டொக்டர் எடுத்துப் பார்த்தார். "ஒமிப்ரசோல்," என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "அம்மா, இஞ்ச வந்த பிறகும் இதக் குடுத்தீங்களா?"

"இண்டைக்கு விடிய ஒண்டு... நெஞ்சு எரியுது எண்டார்."

"வந்த அண்டைக்கே உங்ககிட்டக் கேட்டமே, வேற என்ன மருந்து எடுக்கிறார் எண்டு? இல்ல எண்டுதானே சொன்னீங்க?"

"இது மருந்து இல்லயே டொக்டர். நெஞ்செரிவுக்குத்தானே. மகன் கனடாவில இருந்து அனுப்பினது. காட்டினாப் பறிச்சுப் போடுவீங்க எண்டு..."

துசாந்தனுக்கு இப்போதுதான் குரல் வந்தது.

"ஓம், நான்தான் அனுப்பினன். அதுல என்ன? அங்க இத கடைத் தட்டுல அடுக்கி வைச்சு விக்கிறாங்க. டொக்டர் துண்டே தேவையில்ல. சனம் முட்டாசி மாதிரி வாங்கிக்கொண்டு போகுது. அப்பா போனில அழாக்குறையாச் சொன்னார், நெஞ்சு எரியுது எண்டு. அந்த இலவசக் குளிசைய விட்டுப்போட்டு இதப் போடுங்க எண்டு சொன்னன். இது என்ன நஞ்சா?"

"நஞ்சு இல்ல. நல்ல மருந்து. நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கன். ஆனா உங்கட அப்பாக்கு எழுதமாட்டன்." டொக்டர் இளஞ்சிவப்புக் குளிசை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "இத விழுங்கின உடனே இது வேலை செய்யாது. ஈரலுக்குப் போய், அங்க மாறின பிறகுதான் இரத்தக் கட்டியத் தடுக்கும். நீங்க அனுப்பின குளிசை ஈரலில அந்த மாற்றத்தக் குறைச்சுப் போடும். அப்ப இவர் நாள் தவறாம விழுங்குவார். ஆனா விழுங்கினதுல முழுப் பலன் கிடைக்காது. அதாலதான் நாங்க இந்த ஆளுக்கு வேற வயித்துக் குளிசை தெரிஞ்செடுத்துக் குடுத்தது."

"அப்ப இதாலதான் திரும்பவும் கட்டி பிடிச்சதா?" என்று றஜிதா கேட்டாள்.

"அப்பிடி அடிச்சுச் சொல்ல ஏலாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா தெரிஞ்ச பிறகு ஒரு நாளும் இதத் தொடர விட ஏலாது. இந்த நிமிசத்தோட நிப்பாட்டணும்."

அவர் போத்தலைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டார். பிறகு ஏதோ நினைத்தவராக, "வீட்டில வேற ஆரும் இதக் குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்தாள். "எனக்கும் வயிறு ஒரு மாதிரித்தான்... இடைக்கிடை."

"உங்களுக்கு வேற குளிசை இருக்கா?"

"தைரொயிட்டுக்குக் காலையில ஒண்டு."

டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்தக் குளிசை உடம்புல ஒழுங்காச் சேர வயித்துல அமிலம் இருக்கணும் அம்மா. அமிலத்தக் குறைச்சா அது சேர்றதும் குறையலாம். இப்ப களைப்புக் கூடவா?"

"மூண்டு மாசமா கையும் காலும் அடிச்சுப் போட்ட மாதிரித்தான்."

"இரத்தம் சோதிச்சுப் பாப்பம். தைரொயிட் குளிசைய நீங்களா நிப்பாட்டிப் போடாதீங்க. எதையும் நீங்களாத் தொடங்கவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம். கேட்டுப்போட்டுச் செய்யுங்க. கேக்கிறதுக்கு ஒரு சதமும் எடுக்கமாட்டம்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். போகும்போது தொண்ணூற்றாறு குளிசைகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா கையை மெல்ல அசைத்து மகளைக் கூப்பிட்டார். அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ரதீஸ் எங்க?"

"கதிரவெளிக்குப் போயிட்டார்."

"ஏன்?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அப்பா மகனைப் பார்த்தார், மகள் அழுவதைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"அவன் அண்டைக்கே சொன்னவன், மகள். போத்தல் வந்த கிழமையே. 'கிளினிக்கில காட்டிப்போட்டுக் குடிங்க மாமா' எண்டு. எனக்குக் கோவம் வந்திற்று. என்ட மகன் அனுப்பினதுல குறை சொல்ல நீ ஆர் எண்டு கேட்டன். அவன் போத்தல எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகப் பாத்தான். பறிச்சுப் போட்டு..." மூச்சு வாங்கியது. "என்ட மகளுக்குக் குடுத்த வீட்டில குந்தியிருந்து தின்னுறவன், எனக்குப் புத்தி சொல்லுறியா எண்டு கேட்டுப் போட்டன். மறுகா, இனிக் குடிக்கல்ல எண்டு அவனுக்குப் பொய் சொன்னன். அதுக்குப் பிறகு அவன் என்னோட பறையல்ல."

றஜிதா அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

குந்தியிருந்து தின்னுறவன் என்று சொன்ன வாய்க்கு, அதற்குப் பிறகும் மூன்று மாதம், காலையில் தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்து வைத்திருக்கிறான். விழுங்கும்வரை நின்றிருக்கிறான். அவனைத்தான் இன்று காலை அவள் வாசலில் வைத்துக் கேட்டாள்.

துசாந்தன் வெளியே போனான். அவள் பின்னாலேயே போனாள். விறாந்தைச் சுவரோடு சாய்ந்து நின்றவனுடைய கண் சிவந்திருந்தது.

"அப்பாக்கு நல்லது நினைச்சுத்தான் அனுப்பினன், றஜி. அவர் என்ன குளிசை குடிக்கிறார் எண்டு எனக்கு இஞ்ச ஒருத்தரும் சொல்லல்லயே."

"நீ கேக்கவும் இல்லயே அண்ணா."

"அங்க பனிக்குள்ள ரெண்டு வேலை செய்துகொண்டு..."

"அத விடு. டொக்டர் கேக்கக்குள்ள ஏன் வாயத் திறக்கல்ல? உனக்குத் தெரியும்தானே என்ன அனுப்பினாய் எண்டு?"

அவன் கண்ணைத் துடைத்தான். துடைத்ததும் முகம் பழையபடி இறுகியது.

"டொக்டர் அடிச்சுச் சொல்லல்ல. வேற காரணமும் இருக்கலாம் எண்டு சொன்னவதானே? உன்ட புருசன் தெரிஞ்சிருந்தும் மூண்டு மாசம் பேசாம இருந்திருக்கிறான். அவன்ட கையில பிழை இல்ல எண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டன்."

"மன்னிப்புக் கேக்க மாட்டாய்?"

"மாட்டன்."

"அப்ப இனி என்ட வீட்டுக்கு வராத."

"அது அப்பா கட்டின வீடு."

"அப்பா எனக்கு எழுதின வீடு. உன்ட சூட்கேசை வெளியில வைச்சுப்போட்டுத்தான் நான் படுப்பன்."

விறாந்தையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றஜிதா திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

வாகரைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, அவள் ரதீஸுக்கு ஐந்து தரம் அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. ஓட்டமாவடி போனது. பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று வழிநெடுகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். கதிரவெளியில் இறங்கியபோது ஒன்றுகூட நினைவில் இல்லை. நேரம் நாலரை.

வாடைக்காற்றுக்கு வள்ளங்கள் எல்லாம் மேலே இழுத்துக் கிடந்தன. மீன்வாடிக் குடிசைக்குள் ரதீஸ் தனியாக உட்கார்ந்து தமையனுடைய கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான்.

"மாமா எப்பிடி?"

அதுதான் முதல் கேள்வி.

"இருக்கிறார். பறையிறார்."

அவன் திரும்பவும் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போத்தல், டொக்டர் பிரித்து எண்ணியது, அப்பா சொன்னது. சொல்லி முடியும்வரை அவன் கை வலையில் அசையவில்லை.

"போத்தல் இன்னமும் இருந்ததா?"

"அம்மா ஒளிச்சு வைச்சிருந்தா."

ஊசியைத் தூக்கி மணலில் எறிந்தான். "என்னோட பொய்யா சொன்னவர்? நான் நம்பிக்கொண்டு இருந்தனே!"

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா நீ அண்ணன்ட பக்கம் நிப்பாய் எண்டு நினைச்சன்." சிரிப்பில்லாத ஒரு சிரிப்பு வந்தது அவனுக்கு. "இண்டைக்குக் காலையில அது சரியாத்தான் போச்சு."

"நான் கேட்டது பிழைதான்."

"கேட்டது பிழையில்ல. தகப்பனுக்கு ஒண்டு எண்டா ஆரும் கேப்பாங்க. உள்ள கூப்பிட்டுக் கேட்டிருந்தாப் பதில் சொல்லியிருப்பன். அவனுக்கு முன்னால, வேலியில சனம் பாத்துக்கொண்டு நிக்க, வாசலில நிண்டு கேட்டாய்."

அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் உள்ளே இன்னொன்றும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நானும் ஒண்டு சொல்லுறன் கேளுங்க. உங்கட ரோசம் உங்களுக்குப் பெரிசாப் போச்சு. மூண்டு மாசம் வாயப் பொத்திக்கொண்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னட்டச் சொல்லியிருந்தா, அந்தப் போத்தல அண்டைக்கே நான் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருப்பன். அப்பா அங்க வயரோட கிடந்திருக்க மாட்டார்."

ரதீஸ் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படப் போகிறான் என்று நினைத்தாள். அவன் கோபப்படவில்லை.

"ஓம்," என்றான். "அத நினைச்சுக்கொண்டுதான் இருந்தன், நீ சொல்லத் தொடங்கினதில இருந்து."

இருவருக்கும் நடுவில் வலை கிடந்தது. வெளியே தூறல் மணலில் விழுந்தது. அவள் வாடிக்குள் வந்து, அவனுக்குப் பக்கத்தில் இல்லாமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அப்போது அவன் போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தான்.

"ஓம்... ரதீஸ்தான்... எப்ப?... ஓம் ஐயா."

போனைச் சேட் பைக்குள் வைத்தான்.

"ஆர்?"

"பொலிஸ். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு வரட்டாம். உன்ட அண்ணன் நேற்றே போய் முறைப்பாடு குடுத்திருக்கார். மாமாக்கு வேணுமெண்டே மருந்து குடுக்காம விட்டன் எண்டு."

"நேற்றா?" அவள் துள்ளி எழும்பினாள். குளிசைகளைத் தட்டத்தில் கொட்டி அவளைக் கூப்பிட்டுக் காட்டியதற்கு முதலேயே அண்ணன் அங்கே போயிருக்கிறான்.

"இன்னுமொண்டு. உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். சாட்சியா உன்ட பேரைக் குடுத்திருக்கார்."

அவள் அண்ணனுக்கு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணா, முறைப்பாட்ட இப்பவே போய்த் திருப்பி வாங்கு."

"விசாரிக்கட்டும். பிழை இல்லாட்டி அவனுக்கு என்ன பயம்?"

"அப்ப நானும் வாறன். என்னைத்தானே சாட்சியாப் போட்டிருக்கிறாய்? நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுவன். எழுதிக்கொள்ளட்டும்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை வெட்டினாள்.

ரதீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. ஆனால் அவன் கேட்டது வேறு.

"நடந்ததை எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"போத்தல ஒளிச்சு வைச்சு வார்டுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்தது ஆர் எண்டும் கேப்பாங்க, றஜி. மாமியையும் எழுதச் சொல்லுவியா?"

தூறல் பலத்தது. றஜிதா கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மணலைத் துழாவி ஊசியைத் தேடி எடுத்து, வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.